டெட்ராய்ட்டை அழித்தது அந்த ஐந்து நாட்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்க நகரங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அதில் டெட்ராய்ட் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: 1967இல் ஐந்து நாள் நடந்த இனக் கலவரத்துக்குப் பயந்து வெள்ளையர்கள் வெளியேறினார்கள், நகரம் பாழானது என்று. 1971 முதல் 2003 வரை அந்த ஊரிலும் அதன் ஓரத்திலும் குடியிருந்தவன் நான். இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

நான் போய் இறங்கியபோது என்னிடம் சொல்லப்பட்ட கதையும் இதேதான். கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், "அறுபத்தேழுக்கு முன்னால் இந்த ஊரைப் பார்த்திருக்க வேண்டும்" என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். நானும் தலையாட்டுவேன். கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவனுக்கு வேறு என்ன தெரியும்?

அங்கே கிரைண்டிங் மெஷினில் ஒரு கறுப்பின நண்பர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதிகம் பேச மாட்டார். 1973 கோடையில் ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும், "வா, எங்கள் கடையைக் காட்டுகிறேன்" என்று காரில் கூட்டிக்கொண்டு போனார். போய் நின்றது ஒரு பாலத்தின் மேல். கீழே கிரைஸ்லர் விரைவுச்சாலை. அது தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டிப் போட்ட சாலை. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற லாரிகளுக்கு மேலே வெறும் காற்றில் விரலை நீட்டினார். "நாற்காலி அங்கே இருந்தது. கண்ணாடி இந்தப் பக்கம். அப்பா முடி வெட்டும்போது நான் அந்த மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்." நின்று கேட்டேன். லாரிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

அந்த இடம் ஹேஸ்டிங்ஸ் தெரு. பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற இரண்டு பேட்டைகளுக்கும் கடைவீதி அதுதான். பிளாக் பாட்டம் என்ற பெயர் அங்கே குடியிருந்தவர்களின் நிறத்தால் வந்ததில்லை. மண் கறுப்பாக இருந்ததால் பழைய பிரெஞ்சு விவசாயிகள் வைத்தது என்பார்கள். ஃபோர்டு 1914இல் நாளுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்த பிறகு தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்களுக்கு வாடகைக்கு இடம் கிடைத்தது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். வேறு இடங்களில் பத்திரத்திலேயே 'வெள்ளையர் தவிர யாருக்கும் விற்கக் கூடாது' என்று எழுதியிருப்பார்கள். அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1948 வரை ஆனது. அதில் ஒரு வழக்கு டெட்ராய்ட் தம்பதி ஒருவருடையது.

பிறகு 'சேரி ஒழிப்பு' என்று சொல்லி 1950களின் தொடக்கத்தில் பிளாக் பாட்டத்தை இடித்தார்கள். இடித்த நிலம் வருஷக்கணக்காகக் களை மண்டிக் கிடந்தது. ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேல் விரைவுச்சாலை வந்து 1964இல் திறந்தார்கள். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். கட்டடத்துக்காரருக்குப் பணம் போனது, இருபது வருஷம் கடை நடத்திய தன் அப்பாவுக்குக் காலணா வரவில்லை என்றார் நண்பர். அந்த மக்கள் எங்கே போனார்கள்? ஒரு பெரும் பகுதி 12ஆவது தெருப் பக்கம் போய் நெருக்கியடித்துக் குடியேறியது. 1967 ஜூலை 23 விடியற்காலையில் போலீஸ் சோதனைக்குப் போய், கலவரம் தொடங்கிய தெரு அதேதான். உங்கள் கட்டுரையில் 12ஆவது தெரு இருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் தெரு இல்லை.

ஆட்கள் வெளியேறிய கணக்கையும் பாருங்கள். 1950 கணக்கெடுப்பில் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18,49,568. 1960இல் 16,70,144. அந்தப் பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் வெள்ளையர்கள் குறைந்துவிட்டார்கள். கலவரத்துக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது! 1947க்கும் 1963க்கும் நடுவில் நகரம் இழந்த தொழிற்சாலை வேலைகள் 1,34,000. புதுத் தொழிற்சாலைகளை வெளியே, விரைவுச்சாலை ஓரங்களில் கட்டினார்கள். உட்வர்ட் அவென்யூவில் கடைசி டிராம் ஓடியது 1956 ஏப்ரலில். வண்டிகளை மெக்சிகோ நகரத்துக்கு விற்றுவிட்டார்கள். கார் இல்லாதவன் அந்த வேலைக்கு எப்படிப் போவான்? நகரத்தின் பெருமையாக இருந்த ஹட்சன்ஸ் கடையே 1954இல் எல்லைக்கு வெளியே நார்த்லேண்ட் என்ற வணிக வளாகத்தைக் கட்டிவிட்டது.

என் சொந்தக் கதையும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் அது நியாயமில்லை.

1978இல் வீடு வாங்கக் கிளம்பினோம். டெட்ராய்ட்டின் வடமேற்கில் ஒரு செங்கல் வீடு என் மனைவிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முன்னால் பெரிய மேப்பிள் மரம், சமையலறையில் கிழக்கு வெயில். வீட்டு புரோக்கர் காரை நிறுத்தக்கூட இல்லை. "உங்களுக்கு அங்கே சரிப்படாது, குழந்தை படிப்பு இருக்கிறதே" என்று சொல்லி, எட்டு மைல் சாலையைத் தாண்டி வடக்கே கொண்டுபோனார். அந்தச் சாலைதான் நகர எல்லை. பள்ளி என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. டெட்ராய்ட் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துக் குழந்தைகளைக் கலந்து படிக்க வைக்கும் திட்டத்தை 1974இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. எட்டு மைல் சாலையைத் தாண்டிவிட்டால் டெட்ராய்ட் பள்ளி உங்களைத் தொடாது. நான் கையெழுத்துப் போட்டேன். கடன் சீக்கிரமே கிடைத்தது. என் நண்பரோ என்னைவிட அதிகச் சம்பளம் வாங்கியவர். எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் போய்க் கேட்டபோது, போன வாரமே விற்றுவிட்டது என்றார்கள். அந்த வீட்டின் 'விற்பனைக்கு' பலகை இன்னும் ஒரு மாதம் வாசலிலேயே நின்றது. தினமும் வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போனேன். அவரிடம் அதைப் பற்றி நான் பேசவே இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

1967ஐச் சின்ன விஷயமாக்க நான் எழுதவில்லை. 43 உயிர்கள் போயின, அதில் 33 பேர் கறுப்பின மக்கள். அதற்குப் பிறகு வெளியேற்றம் வேகமெடுத்ததும் உண்மை. ஆனால் கலவரத்திலிருந்து கதையைத் தொடங்கினால், வீடு பறிபோனவர்கள் மேலேயே பழி விழுகிறது. வீட்டுக் கடன் கொடுக்க உகந்த இடமில்லை என்று வரைபடத்தில் அவர்கள் பேட்டைக்குச் சிவப்பு மை பூசியவர்களும், தெருவின் மேல் சாலை போட்டவர்களும், என்னைப் போலப் பேசாமல் கையெழுத்துப் போட்டவர்களும் கதையில் வருவதே இல்லை. கட்டுரையாளரிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இத்துடன் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். 1996இல் நான் எடுத்தது. எட்டு மைல் சாலைக்குக் கொஞ்சம் தெற்கே, பர்வுட் தெருவின் பின்னால் இருக்கும் கான்கிரீட் சுவர். கறுப்பின மக்களின் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட ஒருவர் நினைத்தார். அந்த இடத்துக்கு அரசு கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. 1941இல் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்துவிட்டது. படத்தில் சுவரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பவர்தான் அந்த நண்பர். இப்போது உயிரோடு இல்லை. இடம் இருந்தால் படத்தை வெளியிடுங்கள், அவர் பெயர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் பொறியாளர்,
கும்பகோணம்.