குரூப்பை விட்டு வெளியேறிய மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேருமே பாதியில் குரலை உயர்த்திவிடுவோம். அதனால்தான் கடிதம்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை விட்டு நீ வெளியேறியதைப் பற்றித்தான். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள் என்று பெரியம்மா போட்ட வீடியோவுக்கு நீ எழுதிய பதிலில் தகவல் எல்லாம் சரி. ஆனால் "இதையெல்லாம் நம்புறவங்கள என்ன சொல்றது" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாய் பார், அதுதான் எல்லார் மனதிலும் நின்றது. அதற்கு மேலே இருந்த விளக்கத்தைப் பெரியம்மா படிக்கவே இல்லை.

அவள் என்ன பார்த்தாள் என்று நீ கேட்டிருக்க வேண்டும். நான் அம்பத்தூர் போய்க் கேட்டேன். ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கின்றன, எடுத்துப் பார்த்தால் நிறமும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது என்றாள். கல்யாணமான நாளிலிருந்து தினமும் அரிசி களைகிறவள் அவள். அவள் பார்த்தது முழுக்க உண்மை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, மெஷினில் அழுத்தி மறுபடி அரிசி வடிவத்தில் எடுக்கிறார்கள். நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலக்கிறார்கள். மாவை அழுத்திச் செய்ததால் சில மணிகள் மிதக்கும். 2021 சுதந்திர தினத்தன்று அறிவித்து, அப்புறம் படிப்படியாக எல்லா ரேஷன் கடைகளுக்கும் கொண்டுவந்தார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

நான் சொல்லி முடித்ததும் பெரியம்மா கேட்டாள்: "அப்போ இத்தனை நாளா மிதந்ததை எல்லாம் அள்ளிக் கொட்டினேனே, சத்தையா கொட்டினேன்?" அடுத்து, "இதைக் கடையில ஒருத்தரும் சொல்லலையே?" என்றாள். அந்த இரண்டாவது கேள்விக்கு நீயோ நானோ என்ன பதில் சொல்ல முடியும்? ஏழைப் பெண்களின் தட்டுக்கு ஒரு புதுப் பொருளை அனுப்பும்போது அது என்னவென்று சொல்லி அனுப்ப வேண்டாமா? சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அந்த வீடியோ வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்றையும் கவனி. இப்படிச் செறிவூட்டிய அரிசியால் ரத்தசோகை உண்மையில் எந்த அளவுக்குக் குறையும் என்று ஊட்டச்சத்து நிபுணர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. அது நியாயமான வாதம். பிளாஸ்டிக் புரளியை மறுக்கும் வேகத்தில் அதையும் சேர்த்து மூடிவிடாதே.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவள் நான். கனமான பொருள்தான் வேகமாக விழும் என்று ஒரு பையன் சொன்னால், அவன் கல்லையும் காய்ந்த இலையையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான். இலை மெதுவாகத்தான் விழுகிறது. அதை ஒப்புக்கொண்டு, காற்றை நடுவில் கொண்டுவந்தால் அவனே மீதியைச் சொல்லிவிடுவான். "தப்பு, உட்காரு" என்றால் பரீட்சையில் சரியாக எழுதிவிட்டு, வெளியே வந்ததும் பழையபடி கனமானதுதான் வேகமாக விழும் என்பான்.

சரி, உன் துறைக்கே வருகிறேன். எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்கப் பேச்சு நடக்கிறது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரே கலக்கம். கதிர்வீச்சு, புற்றுநோய், சிட்டுக்குருவி என்று தினமும் பத்து செய்தி சுற்றுகிறது. டவரோடு பேச நம் போன்கள் பயன்படுத்தும் அலைகளின் அதிர்வெண் பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கமோ அதற்குக் கீழேயோதான். நம் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தின் அதிர்வெண் அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல். அதிர்வெண் மிகவும் கூடினால்தான் மரபணுவை உடைக்கும் சக்தி வரும். அந்த வெளிச்சத்துக்கே அது கிடையாது. மெரினாவில் மத்தியான வெயிலில் வரும் புற ஊதாக் கதிருக்கு உண்டு. இந்த ஒப்பீட்டைச் சொன்னபோது இரண்டாம் மாடி அய்யர் மாமா தலையாட்டினார். அப்புறம், டவரைத் தூரத் தள்ளினால் சிக்னல் குறையும், சிக்னல் குறைந்தால் காதோரம் இருக்கும் போன் அதிக சக்தியில் அலையை அனுப்பும் என்றேன். அது அங்கே யாருக்கும் தெரியாது. கூட்டமே கொஞ்ச நேரம் அமைதியானது.

ஆனால் மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் இந்த அலைகளைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்ததே என்று கேட்டாள். சேர்த்தது உண்மை. 2பி என்ற பிரிவு அது. சான்று போதாது, ஒதுக்கிவிடவும் முடியாது என்று அர்த்தம். சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது என்று சொல்லி அவளை மடக்கிவிடலாம். நான் சொல்லவில்லை, மறுநாளே கற்றாழையைப் பற்றி ஒரு புதுப் பீதி கிளம்பும். பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொன்னேன். டவர் கதிர்வீச்சுக்கான வரம்பை 2012-ல் நம் அரசு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததையும் சொன்னேன். அவள் கைக்குழந்தை வைத்திருப்பவள். பயப்பட அவளுக்கு உரிமை உண்டு.

பயத்தைப் பார்த்துச் சிரிக்கவே கூடாது, பாப்பா. 2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம், சென்னையில் கட்டடங்கள் ஆடின, ஜனங்கள் தெருவில் நின்றார்கள். பெரிய சுனாமி அலை வரவில்லை. 2004-ல் கடலடித் தட்டு மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கியது. 2012-ல் தட்டு பக்கவாட்டில் நகர்ந்தது, அவ்வளவுதான். அதை நடுங்கும் தரையில் நிற்பவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அன்று கடற்கரையை விட்டு ஓடியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

பெரிய மாமாவின் திருநள்ளாறு செய்தி சனிப்பெயர்ச்சிக்குச் சனிப்பெயர்ச்சி திரும்ப வரும். கோயிலுக்கு மேலே செயற்கைக்கோள் மூன்று வினாடி நிற்கிறதாம். இந்த முறை நேரிலேயே பேசினேன். ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் போகும். கிழக்கே போவதாக வைத்துக்கொண்டால் மூன்று வினாடியில் காரைக்காலைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய்விடும். அந்த வேகம் இருப்பதால்தான் அது விழாமல் சுற்றுகிறது. நின்றால் விழ வேண்டியதுதான். மறுபடி அந்த வேகம் வேண்டுமென்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்னொரு ராக்கெட்டை எரிக்க வேண்டும். மாமா யோசித்துவிட்டு, "அப்போ டிவி சாட்டிலைட் நிக்குதே?" என்றார். எவ்வளவு நல்ல கேள்வி! பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று வருவதால் நமக்கு நிற்பதுபோலத் தெரிகிறது என்று, மொட்டை மாடிக்குப் போய் டிஷ் ஆன்டெனாக்களைக் காட்டிப் பேசினோம். அவர் நள தீர்த்தத்தில் குளிப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது வேறு விஷயம்.

நீ திரும்பக் குரூப்பில் சேர வேண்டும். அண்ணியிடம் சொன்னால் சேர்த்துவிடுவாள். அதற்கு முன்னால் பெரியம்மாவுக்கு ஒரு போன் போடு. மிதக்கும் அரிசியைக் கொட்டாமல் சமைக்கிறாளா என்று கேள், சந்தோஷப்படுவாள். அப்புறம் சங்கத்தின் அடுத்த கூட்டம் அடுத்த மாதம் முதல் ஞாயிறு. டவரிலிருந்து தள்ளித் தள்ளிப் போகும்போது அலையின் வலிமை எப்படிக் குறைகிறது என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, ஒரு படமும் வரைந்து அனுப்பு. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அய்யர் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

அன்புடன்,
அம்மா
பெரம்பூர், சென்னை