'விஷ்' என்று ஏன் எழுதினாய்?

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மாடியில் ஒழுகியதை அடைத்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய ஒற்றை வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'ஐ விஷ் ஐ ஹாட் லிஸன்ட் டு யூ, அப்பா.' "நம்ம பேச்சைக் கேக்கணும்னு ஆசைப்படுதா" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் திருத்தவில்லை. 31 வருடம் போர்டில் எழுதிப் போட்டவனுக்குத் தெரியாதா? 'விஷ்' வந்து பின்னால் 'ஹாட்' வந்தால் அது ஆசை இல்லையம்மா. கேட்டிருக்கலாமே, கேட்காமல் போனேனே என்பது. 'ஐ விஷ் ஐ குட் கம்' என்று எழுதியிருந்தால்கூட, இப்போது வர முடியவில்லை என்ற வருத்தம்தான், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பேன். 'ஹோப்' என்றால் இன்னும் நடக்கக்கூடியது; நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீ எழுதியதோ முடிந்துபோனதைப் பற்றி.

எந்தப் பேச்சை? வேலையை மாற்றாதே என்றேனே, அதுவா? அதுவாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை போனில் பேசி இரண்டு மாதம் ஆகிறது. வேலை அதிகம் போல. கேட்டதாகச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட், சர்டிபிகேட் எல்லாம் உன் கைவசமே இருக்கட்டும். சம்பளப் பணம் உன் பேரிலுள்ள கணக்கிலேயே விழட்டும். பொதுவாகத்தான் சொல்கிறேன். நம் தெருவில் இன்றைக்கும் உன்னைச் சொல்லித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அப்படிப்பட்டவள் ஒரு வரி எழுதிவிட்டு ஐந்து நாள் போனை எடுக்காமல் இருக்கலாமா? வேளைக்குச் சாப்பிடு.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று, 1200-க்கு 1043 என்று நீ வந்து நின்றபோது, 'ஐயாம் டிஸப்பாயிண்டட் இன் யூ' என்றேன். 'இன்' போட்டால், நீயே இவ்வளவுதான் என்று ஆகிவிடும். எனக்கு இருந்ததெல்லாம் உனக்காகப் பட்ட வருத்தம்; அதற்கு 'ஃபார்'. வகுப்பில் அந்த வித்தியாசத்தை நடத்திய வாய்தான் அன்று 'இன்' என்று சொன்னது. வாய் தவறி இல்லை, உறைக்கட்டும் என்று தெரிந்தே சொன்னேன். தமிழில் சொல்லியிருந்தால் உன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தியிருப்பேன். அதற்குப் பிறகு உன் மனக்கஷ்டம் எதையும் நீ என்னிடம் தமிழில் சொன்னதில்லை. இந்த வரியும் இங்கிலீஷில்தான் வந்தது. தப்பு என்னுடையது. இத்தனை வருடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

நீ வருவாய் என்று நான் 'எக்ஸ்பெக்ட்' பண்ணவில்லை. அது அதிகாரம் மாதிரி இருக்கும். 'ஹோப்' என்றே வைத்துக்கொள். தனியாக வந்தாலும் சரி. மேல் அறையை அம்மா கழுவிவிட்டிருக்கிறாள், எதற்கென்று நானும் கேட்கவில்லை.

எந்த நேரமானாலும் கூப்பிடு. போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அப்பா