இரண்டு குப்பி மருந்து வீட்டில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகனுக்கு ஹீமோஃபிலியா ஏ. ரத்தம் உறைய வேண்டிய எட்டாம் காரணி என்ற புரதம் அவன் உடம்பில் மிகக் குறைவு. அரசு மருத்துவமனையில் அந்தக் காரணி அடங்கிய ஊசி மருந்தை இலவசமாகத் தருகிறார்கள், சரி. ஆனால் ரத்தக்கசிவு நேரம் பார்த்தா வருகிறது? ராத்திரி மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முழங்கால் வீங்கி, தொட்டால் சுட, காலை நீட்ட முடியாமல் பிள்ளை அழுவான். பஸ் பிடித்துப் போய், அவசரப் பிரிவில் புது டாக்டரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி ஊசி போடுவதற்குள் விடிந்துவிடும். தாமதம் மூட்டைத்தான் தின்கிறது. நரம்பில் ஊசி போட நானே பழகிவிட்டேன். ஃபிரிட்ஜில் வைக்க இரண்டு குப்பி கொடுத்தனுப்பினால் போதும். காலிக் குப்பியைத் திருப்பிக் காட்டவும் தயார். அப்புறம், பள்ளி ஆசிரியர்களுக்கு: அடிபட்டால் ஐஸ் வைத்து உடனே எங்களைக் கூப்பிடுங்கள், ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்