சினோஸ் என்றால் ‘சாதாரண கால்சட்டை’ இல்லை

இணைய அகராதி தொகுப்பவர்களுக்கும், துணி விற்கும் தளங்களைத் தமிழாக்குபவர்களுக்கும்,

வணக்கம். பேன்ட் வெட்டித் தைப்பது எங்கள் தொழில். ‘சினோஸ்’ என்பதற்கு நீங்கள் எழுதும் ‘சாதாரண கால்சட்டை’யை வைத்துக்கொண்டு எந்தப் பேன்ட்டையும் அடையாளம் காண முடியாது. ஜீன்ஸும் சாதாரணம்தான், டிராக் பேன்ட்டும் சாதாரணம்தான்.

சினோ முதலில் துணியின் பெயர்: சாய்வரி ஓடும்படி நெய்த பருத்தித் துணி, அதாவது பருத்தி ட்வில். பிறகு அதில் தைத்த பேன்ட்டுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. சந்தேகம் வந்தால் காலின் கீழ்மடிப்பைப் புரட்டிப் பாருங்கள். ஜீன்ஸ் துணியான டெனிமில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும் நீலச் சாயம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. அதனால் உள்பக்கம் வெளிறியிருக்கும். சினோவுக்குப் பெரும்பாலும் நெய்த பிறகோ தைத்த பிறகோதான் சாயம், ஆகவே இரு பக்கமும் ஒரே நிறம். அடுத்து பின்பாக்கெட். ஜீன்ஸில் தனித்துண்டை மேலே வைத்துத் தைத்திருப்போம். சினோவில் துணியையே கீறி, வாய்க்குப் பட்டி கொடுத்து, பையை உள்ளே விட்டிருப்போம். முன்னால் வாய் சாய்வாக இருக்கும் கிராஸ் பாக்கெட் உண்டு. ஜீன்ஸில் பாக்கெட் ஓரத்தில் அடிக்கும் உலோகக் குமிழான ரிவிட் இருக்காது. துணியின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 200 முதல் 300 கிராம். கனமான ஜீன்ஸ் துணி 400ஐத் தாண்டும்.

அமெரிக்கர்கள் சினோவை ‘காக்கீஸ்’ என்றும் சொல்வார்கள். அதை அப்படியே ‘காக்கி உடை’ ஆக்கினால் படிப்பவர் கண்முன் போலீஸ்காரர் வந்து நிற்பார். காக்கி, புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லில் பிறந்த நிறப்பெயர். கருநீலச் சினோவுக்கு அது எப்படிப் பொருந்தும்?

‘டிரவுசர்’ இன்னும் மோசம். ஆங்கிலத்தில் அது கணுக்கால்வரை போகும். நம் பேச்சில் முழங்காலோடு நின்றுவிடும். பட்டியலில் அந்தச் சொல்லைப் போட்டால் அரைக்கால் கேட்டவருக்கு முழுக்கால் போகும், பார்சல் திரும்பி வரும். ‘பேன்ட்ஸ்’ பிரிட்டிஷ் பக்கத்தில் வந்தால் அது ஜட்டி! (‘ஸ்லாக்ஸ்’ கூடப் பேன்ட்தான், தமிழில் ‘ஸ்லாக்’ என்று சொன்னதோ சட்டையை.)

பதிவை இப்படி மாற்றலாம்: ‘சினோஸ்: பருத்தி ட்வில்லில், கிராஸ் பாக்கெட் வைத்துத் தைத்த முழுநீளப் பேன்ட், சூட் பேன்ட் அளவுக்கு ஃபார்மல் அல்ல.’ ‘நூறு சதப் பருத்தி’ என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இழுவைக்காக எலாஸ்டேன் என்ற நீளும் இழையை 2 சதவீதம் கலப்பது இப்போது சகஜம்.

இப்படிக்கு,
பேன்ட் தைப்பவர்கள்