மாகாணத்துக்கும் ஒரு வண்ணக்கர் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கு மாகாண சபைத் தேர்தல் பற்றித் தங்கள் பத்திரிகையில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மாகாணத்தின் நிதி, வீதிப் பொறுப்புகளைச் சட்டத்தரணி ஒருவரிடம் கொடுத்தால் என்ன நடக்கும், அவருக்குக் கணக்கு விளங்குமா என்று சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முப்பத்தொரு வருடம் கணக்கு இலிகிதராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. சொன்ன காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

காணி உறுதி முடிக்கும்போது நாம் கட்டுகிற முத்திரைத் தீர்வை மாகாணம் அறவிடுகிற காசு. காணி எந்தப் பிரதேச சபைக்குள் இருக்கிறதோ அந்தச் சபைக்கு அது போய்ச் சேர வேண்டும். நீதிமன்றத் தண்டப் பணமும் அப்படித்தான். இரண்டும் பிறக்கிற இடம் நொத்தாரிசின் மேசையும் நீதவானின் மன்றமும். அங்கேயே காலம் கழித்த ஒருவருக்கு இந்தக் காசின் வழி தெரியாமலிருக்க நியாயமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த பெரிய வருமானம், வியாபாரத்தின் மொத்த விற்பனை மீது அறவிடுகிற புரள்வு வரி. 2011இல் அதை எடுத்துவிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு தருகிறோம் என்றார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே நீக்கினார்கள். ஒரு குடும்பத்தின் வயலை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுத்த தோட்டத்தையும் பறித்த கதை இது. இதை, மாகாணங்களுக்கு நிதி பங்கிடப் பரிந்துரைக்கிற நிதி ஆணைக்குழுவின் முன்னால் சட்டப் பிரிவைக் காட்டி வாதாட ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குச் சட்டத்தரணியை விடப் பொருத்தமானவர் யார்? முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும், ஆக ஐந்து பேர்தான் மாகாண அமைச்சர் வாரியம். அந்த ஐவரில் ஒருவருக்காவது சட்டம் வாசிக்கத் தெரிந்திருப்பது எங்களுக்கு நல்லது.

ஆனால் நான் கேட்பது அதற்கு மேலும் ஒன்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கோயில்களில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் என்றொருவர் இருக்கிறார். திருவிழா முடிந்த பின் சபையைக் கூட்டி, எழுந்து நின்று கணக்கு வாசிப்பார். எண்ணெய் இவ்வளவு, கற்பூரம் இவ்வளவு, பந்தல்காரருக்கு இவ்வளவு, மேளகாரருக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. பந்தல் கூலி ஏன் கூடியது என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்பார். பதில் சொல்லாமல் வண்ணக்கர் உட்கார முடியாது. எத்தனையோ சண்டைகளை அந்தக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். சண்டை வந்தாலும் கணக்கு வாசிக்காமல் ஒரு வருடமும் விட்டதில்லை. கல்முனைப் பக்கத்தில் என்னோடு வேலை செய்த முஸ்லிம் நண்பர்கள், தங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காயர்மாரும் இப்படித்தான் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பார்கள்.

மாகாணத்தின் கணக்கை எங்களுக்கு வாசித்துக் காட்டியவர் யார்?

நான் மட்டக்களப்பு வாவியோரத்து மண்டூர்க்காரன். எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் பெயர். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் பாலம் கேட்டு என் தகப்பனார் காலத்தில் மகஜர் எழுதினார்கள். நானும் எழுதியிருக்கிறேன். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபோது வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் எத்தனை பேர் கண்கலங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். மாரியில் காற்று எழும்பினால் பாதையில் ஏறப் பயம். வெல்லாவெளி, போரதீவு என்று சுற்றி, பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்குப் போக வேண்டும். நோயாளியை வைத்துக்கொண்டு அப்படிச் சுற்றிய இரவுகள் எங்கள் வீட்டிலும் உண்டு. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 காலையில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தபோது, அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார், தாங்கள் தெரிவுசெய்த மாகாண அமைச்சரிடம் போய்க் கேட்டிருக்கவும் முடியாது. அப்போது மாகாண சபை இல்லாமல் போய் நான்கு வருடம் கழிந்திருந்தது.

வீதிக்கும் இதே நிலைதான். எங்கள் ஊரில் ஓர் உள்வீதிக்குக் கொங்கிரீட் போட்டார்கள். இரண்டு மாரி போனது, வெடித்துவிட்டது. கேட்கப் போன இடத்தில் ‘அது எங்கட ரோட்டு இல்ல ஐயா’ என்றார்கள். அவர்கள் கைகாட்டிய அடுத்த இடத்திலும் அதே பதில். ஏ, பீ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சீ, டீ வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மிச்சம் பிரதேச சபைக்கு என்று பிரித்திருக்கிறார்கள். வெள்ளத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற பிள்ளைக்கு இந்தப் பிரிவு எப்படித் தெரியும்? கடைசியில் 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தின் கீழ் எழுதிப் போட்டேன். ஒற்றைத் தாளில் பதில் வந்தது. மொத்தத் தொகை மட்டும் இருந்தது. நீளம், அகலம், தடிப்பு, கலவை ஒன்றும் இல்லை. அப்படியொரு வவுச்சரை என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பியிருப்பேன்.

2008 மே மாதம் நாங்கள் முதன்முறையாகக் கிழக்கு மாகாண சபைக்கு வாக்களித்தோம். 2012இல் தெரிவான சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30உடன் முடிந்தது. அதன்பின் மாகாண சபைக்கான வாக்குப் பெட்டியை நாங்கள் காணவில்லை. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று அந்த மாதமே சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்காகத் தயாரித்த தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருடம் பாராளுமன்றமே தோற்கடித்தது. அதோடு எல்லாம் நின்றது. மாகாணக் கணக்குகளைப் பற்றிய கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை ஆளுநரிடம் போகும். அவர் அதைச் சபையில் வைக்க வேண்டும். வைக்கச் சபை இல்லை. கேள்வி கேட்கக் கணக்குக் குழுவும் இல்லை. உத்தியோகத்தர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் அவர்களில் ஒருவன். கேட்பார் இல்லாத கணக்கு நாளடைவில் எப்படித் தளரும் என்பதை அலுவலகத்துக்குள் இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சட்டத்தரணிகளைப் பற்றி எழுதும்போது எம்.எச்.எம். அஷ்ரஃபை விட்டுவிட முடியாது. நீதிமன்றத்திலிருந்து அரசியலுக்கு வந்து, 1994இல் கப்பல், துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானவர். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவர் முயற்சியால் எழுந்தது. இன்று எங்கள் படுவான்கரைப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஒலுவில் துறைமுகமும் அவருடைய கனவு. அவர் 2000 செப்டெம்பர் 16 அன்று ஹெலிகொப்டர் விபத்தில் இறந்துவிட்டார். துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. பிறகு அதன் வாயை மணல் அடைத்தது, ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் தென்னந்தோட்டங்களைக் கடல் தின்றது. துறைமுக வாயைத் தோண்டுவது வருடாவருடம் வருகிற செலவு. அந்தச் செலவை எந்தக் கணக்கில், யாருடைய பொறுப்பில் எழுதி வைத்தார்கள் என்று கட்டும்போதே கேட்டிருக்க வேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்கிற நாளில் பராமரிப்புச் செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீனவர்களும் தென்னைக்காரர்களும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

ஆகவே, வருகிற மாகாண சபையில் நிதிக்கும் வீதிக்கும் பொறுப்பாக வருகிறவர் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தாலென்ன, வயலிலிருந்து வந்தாலென்ன, வருடத்துக்கு ஒருமுறை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொதுமக்கள் முன் எழுந்து நின்று கணக்கு வாசிக்க வேண்டும். எந்த வீதிக்கு எவ்வளவு, எந்தப் பாலம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அறவிட்ட முத்திரைத் தீர்வையில் எந்தப் பிரதேச சபைக்கு எவ்வளவு இன்னும் போகவில்லை என்று வாசிக்க வேண்டும். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்த வாக்குறுதியை நான் கேட்கப்போகிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தேர்தல் வரும்வரை காத்திராமல், இரண்டு மாவட்டங்களுக்கும் இந்த வருடம் ஒதுக்கிய வீதி, பால வேலைகளின் விபரத்தை வாங்கி ஒரு முழுப் பக்கத்தில் போடுங்கள். தகவல் கோரும் விண்ணப்பங்களை எழுதித் தர நான் தயார். பக்கம் வெளிவரும் நாளில் பத்துப் பிரதி வாங்கி, பாதைத் துறையின் இரண்டு கரையிலும் நானே ஒட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு இலிகிதர்,
மண்டூர்.