ஹைஸ்மித் தனியாக வாழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்க நாவலாசிரியர் பட்ரீசியா ஹைஸ்மித் பற்றிய கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். 1950இல் வெளியான அவருடைய முதல் நாவலை அடுத்த ஆண்டே திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் படமாக்கியதும், 1955இல் அறிமுகமான டாம் ரிப்ளி என்ற கொலைகாரன் ஐந்து நாவல்களிலும் பிடிபடாமல் தப்பியதும் சரியாகவே சொல்லப்பட்டுள்ளன. ஆனால் அவருடைய சொந்த வாழ்க்கையைக் கட்டுரையாளர், 'கடைசிவரை மணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்தார்' என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார். ஹைஸ்மித் பெண்களைக் காதலித்தவர். எழுத்தாளர் மாரிஜேன் மீக்கர், தாமும் அவரும் பென்சில்வேனியாவில் ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

1948ஆம் ஆண்டின் இறுதியில், ஓர் ஆண் எழுத்தாளரை மணப்பதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்த ஹைஸ்மித், தம் இயல்பை மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி உளப்பகுப்பாய்வு என்னும் மனநலச் சிகிச்சைக்குப் போய்வந்தார். அந்தச் செலவைச் சமாளிக்க, நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் கடையில் பொம்மை விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். கிறிஸ்துமஸ் நெரிசலில் ஒருநாள் ஃபர் கோட் அணிந்த பெண்மணி ஒருவர் வந்து, பொம்மை ஒன்றை வாங்கி, அதை அனுப்பவேண்டிய முகவரியைச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்று மாலையே ஹைஸ்மித் ஒரு நாவலின் கதை முழுவதையும் குறித்து வைத்தார்; மறுநாள் காய்ச்சல், பார்த்தால் அம்மை போட்டிருந்தது.

அந்த நாவலை அவருடைய பழைய பதிப்பகம் ஏற்கவில்லை. 1952இல் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' என்ற தலைப்பில், கிளேர் மார்கன் என்ற புனைபெயரில், வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. இரு பெண்கள் காதலித்தால் ஒருத்தி சாகவேண்டும், அல்லது மனம் திருந்தி ஓர் ஆணிடம் போய்ச்சேரவேண்டும் என்பதே அன்றைய கதைகளின் வழக்கமாக இருந்தபோது, இதில் இருவரும் கடைசியில் ஒன்றுசேர வழி இருந்தது. மலிவுப் பதிப்பு ஏறத்தாழ பத்து லட்சம் பிரதிகள் விற்றது. நன்றி சொல்லி வந்த கடிதங்களெல்லாம் கிளேர் மார்கன் பெயருக்கே வந்தன. ஹைஸ்மித் தம் பெயரை அந்நூலில் போட்டுக்கொண்டது 1990இல், தமது 69ஆம் வயதில்.

பிறர் பெயரில் கையெழுத்திட்டு, பிறர் உடையை மாட்டிக்கொண்டு, எந்த நேரமும் குட்டு வெளிப்படுமோ என்ற நடுக்கத்திலேயே நடமாடும் ரிப்ளியை இத்தனை நெருக்கமாக எழுத அவருக்கு எப்படி முடிந்தது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அவரை உத்தமியாக்கச் சொல்லவில்லை. யூதர்கள்மீது அவர் காட்டிய வெறுப்பை எந்த வாசகரும் மன்னிக்கவேண்டியதில்லை. மனிதர்களைவிட, தாம் வளர்த்த நத்தைகளிடம்தான் அவர் இணக்கமாக இருந்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவருடைய காதல்கள் வம்புப் பேச்சு அல்ல. 1995இல் அவர் இறந்தபின், சுவிட்சர்லாந்து வீட்டின் துணி அலமாரியில் கிடைத்த ஏறத்தாழ 8,000 பக்க நாட்குறிப்புகளிலும் குறிப்பேடுகளிலும் அவரே எழுதி வைத்தவை.

இணையப் பதிப்பிலாவது அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.