அந்த ஓவியத்தின் தோணிக்காரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறையில் எங்கள் வட்டாரத்தில் பழைய சிங்கப்பூர் பற்றி ஒரு சிறு கண்காட்சி நடந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் பேத்தியை அழைத்துப் போயிருந்தேன். பெர்சி கார்ப்பென்டர் 1856ல் வாலிச் குன்றின் மேலிருந்து தீட்டிய துறைமுகக் காட்சியின் பெரிய நகல் ஒன்று அங்கே இருந்தது. அசல், கித்தானில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். விளக்கம் சொன்னவர் ஓவியரின் பெயரைச் சொன்னார், விடியல் வெளிச்சத்தைக் காட்டினார், அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன் நான். என் கண் போனது கப்பல்கள் நிற்கும் இடத்துக்குத்தான். கரையை விட்டு விலகி நங்கூரம் போட்டு நிற்கின்றன. பெரிய கப்பல் ஆற்றுக்குள் வர முடியாத காலம் அது. ஒவ்வொரு மூட்டையும் தோணியில் இறங்கி, ஆற்றுப் படிக்கட்டு வரை வந்து, அப்புறம் ஆள் தோளில் ஏறித்தான் கிட்டங்கிக்குப் போக வேண்டும். அலையில் ஆடும் தோணிக்குள் சரக்கு இறக்குவது லேசான வேலை இல்லை. கப்பல் எழும்பும்போது தோணி தாழும். சுமை பலகையைத் தொட்ட அந்த நொடியில் கையை எடுக்காவிட்டால் விரல் நசுங்கிவிடும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இடது கையில் மூன்று விரல்தான்.

அந்தக் காலத்தில் அந்தத் தோணிகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள். சூலியாக்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். சீனர்கள் கைக்கு அந்தத் தொழில் போனது பிற்பாடு. தெலுக் ஆயர் கரையில் 1828-1830ல் நாகூர் தர்காவைக் கட்டியவர்களும் சூலியாக்களே. இதை யாருமே சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பேத்தியைத் தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கே கூட்டிப் போனேன். ஓவியர் நின்ற குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டித்தான் 1879லிருந்து தெலுக் ஆயர் குடாக்கடலைத் தூர்த்தார்கள். நின்ற மேடும் போய்விட்டது, பார்த்த கடலும் போய்விட்டது. தர்கா வாசலில் நின்று, “அலை இங்கேதாம்மா அடிச்சது” என்றேன். அவள் குனிந்து தார்ச்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே ஆற்றுவாய் வரை நடந்தோம். கார்ப்பென்டர் வரைந்தபோது அங்கே பாலம் கிடையாது. கேவனா பாலம் 1869ல்தான் வந்தது. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. இங்கே அதைக் கட்டி நிறுத்திய உழைப்பு இந்தியக் கைதிகளுடையது. பாலத்தில் பதித்திருக்கும் கிளாஸ்கோ கம்பெனியின் பெயர்த்தகட்டை அவள் எழுத்து எழுத்தாக விரலால் தடவிப் படித்தாள். “கட்டினவங்க பேர் எங்கே தாத்தா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இந்த ஓவியத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தோணிக்காரர்களைப் பற்றித் தமிழில் நான்கு வரி எழுதிப் பக்கத்தில் வையுங்கள். தமிழாசிரியர்கள் மாணவர்களை அழைத்து வந்தால், தோணியில் சரக்கு எப்படி இறங்கும் என்று கயிற்றோடு வந்து செய்து காட்ட நான் தயார். சனிக்கிழமை காலைகளில் எனக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
தெலுக் பிளாங்கா